தீட்டுவதற்கு ஒரு கோடரி

அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் அப்போது நான் இங்கிலீசு படிப்பித்தேன். பெரிய சோதனையொன்றுக்கும் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட என்னைப் பாடப்புத்தகத்தில் வந்த ஒரு வசனம் மடக்கிவிட்டது: 'அவனுக்குத் தீட்டுவதற்கு ஒரு கோடரி இருக்கிறது.' உள்ளே தன் காரியத்தை வைத்துக்கொண்டு வெளியே நியாயம் பேசுகிறவனை வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வானாம். அகராதியில் அவ்வளவுதான் இருந்தது.

எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் கோடரி தீட்டுகிறவன் கிணற்றடிக் கல்லில் தண்ணீர் தெளித்து, ஊர் பார்க்கத் தனியே இருந்து தேய்ப்பான். அதில் என்ன கள்ளம்?

தலைமை ஆசிரியரைக் கேட்டேன். சீமையில் தீட்டுகல் வண்டிச் சில்லுப்போல வட்டமானதாம். ஒருவன் அதைச் சுற்ற வேண்டும், மற்றவன் கோடரியைப் பிடிக்க வேண்டும். "உன்னைப்போலக் கெட்டிக்காரன் ஆர்?" என்று புகழ்ந்து புகழ்ந்து, கை ஓயும்வரை சுற்றுவித்துவிட்டு, கோடரிக்காரன் தன்பாட்டில் போய்விடுவானாம்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்கு இதைப் பெருமையாக விளக்கினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அம்மா போனபிறகு சமையலும் ஐயாவைப் பார்ப்பதும் அவள் தலையில்தான். அவளுக்கு அளவெட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மலாயாவில் கிளாக்கர் உத்தியோகம். ஐயாவுக்கும் விருப்பம். நான்தான் இரண்டு மாதமாகப் பதில் எழுத விடவில்லை. "மலாயாக் காய்ச்சல் பொல்லாதது, ஐயா. இவளைப்போல ஒரு பிள்ளையை அங்கை அனுப்பிறதோ?" என்று சொல்லிச் சொல்லியே அவரை மறித்து வைத்திருந்தேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அண்ணை, நான் மலாயாவுக்குப் போனால் உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"உதென்ன கதை?"

"சும்மா கேட்டனான். இவ்வளவு நாளும் கல்லைச் சுத்தினது நான்தானே."

எனக்கு முகம் எரிந்தது. சோதனை முடியும்வரை அவள் வீட்டில் நிற்க வேண்டும், என் மனதில் உள்ளது அதுதான். காய்ச்சலாவது மண்ணாங்கட்டியாவது! அந்த நிமிசமே ஐயாவிடம் போனேன். "ஓமெண்டு எழுதுவம், ஐயா" என்றேன். கடிதத்தை நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

பதில் ஒரு கிழமையில் வந்தது. எங்கள் பதிலைப் பார்த்துப் பார்த்து அலுத்து, வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம்.

அந்தச் சோதனையில் நான் சித்தியடைந்தேன். அன்று சர்க்கரைப் புக்கை பொங்கி, முதல் அகப்பையை என் இலையில் வைத்தவள் அவள்தான்.

"வடிவாச் சாப்பிடுங்கோ, அண்ணை" என்றாள்.