மருமகனும் நானும் பியர் மாற்றிய நாள்

எனக்கு எழுத்து சரியாக வராது, நினைவும் இப்போது தவறுகிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போர்கோ வெக்கியோ என்ற இத்தாலிய ஊர்ப்பகுதியில் மகளின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அவருடைய சாப்பாடு ஆறுகிறது என்றாலும் மகளிடம்தான் சொல்லுவேன்.

பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்கென்று மருமகன் வீட்டிலேயே பியர் புளிக்க வைத்திருந்தார். அடியில் இருக்கும் மண்டி கலங்காமல் அதை வாளியிலிருந்து பெரிய போத்தலுக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். மகளோ சிஞ்ஞோரா என்று சொல்லும் எசமானியம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மேசையில் வாளி, தரையில் போத்தல். அவர் ரப்பர் குழாயின் ஒரு முனையை மண்டி தொடாமல் பிடித்து, வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே மறுமுனையைப் போத்தலுக்குள் பிடித்திருந்தேன்.

பியர் கழுத்துவரை வந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்து, "இஞ்சை நிரம்பப் போகுது" என்றேன். அவர் அசையவில்லை.

"ஆரேன் நிப்பாட்டினால் நல்லது" என்றேன்.

விருந்துக்கான பியர் என் காலில் வழிந்து கதவுவரை ஓடியது.

"தம்பி, குழாயை மடிச்சுப் பிடியுங்கோ."

உடனே பிடித்தார். "எனக்கோ சொன்னனீங்கள், மாமி? உங்கடை மகளோட போனிலை கதைக்கிறியள் எண்டு நினைச்சன்."

"போன் அறைக்குள்ளை கிடக்கு."

"அப்ப சுவரோடையோ? சுவர் பியர் குடிக்காது, மாமி."

"விருந்துக்குக் காணுமோ?"

"ஓம், காணும். உங்கடை கால் குடிச்சது போக மிச்சம் கிடக்கு."

நான் மரியாதை என்று காத்ததை அவர் இவ்வளவு காலமும் என்னவென்று நினைத்திருப்பார் என்று அன்றுதான் யோசித்தேன்.

குழாய் பிடிக்கும் முறையைச் சரியாக எழுதினேனோ தெரியவில்லை. தம்பி, நீங்களே ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ.