எவேலியோ பின்சோன் போட்ட பூஜ்யம்

எண்ணெய் ஊரான பாராங்காவில் ஆற்றங்கரை டிசைன் ஆபீஸில் எவேலியோ பின்சோன் மந்தில்லாவை எல்லோரும் ‘இன்ஜினியரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இன்ஜினியர் இல்லை. புகாராமங்கா காலேஜில் இரண்டு செமஸ்டர் படித்து, கணக்குப் பாடம் காலை வாரியதும் படம் வரைய வந்தவர். ஆனால் இந்த ஊரில் டை கட்டியவன் எல்லாம் டாக்டர், சட்டைப் பையில் பேனா செருகியவன் எல்லாம் இன்ஜினியர். அதனால் கூப்பிடுகிறவர்களுக்கு நஷ்டமில்லை, எவேலியோவுக்கும் காது குளிர்ந்தது. இப்படியே இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது.

எண்ணெய் ஆலையை மண்ணில் கட்டுமுன் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்பதுதான் அந்த ஆபீஸின் தொழில். ஒவ்வொரு பம்பையும் தொட்டியையும் முதலிலிருந்து வரைந்துகொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதற்காக அச்சுகள் உண்டு. அச்சைத் திறந்து விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, குழாய் வாய் இத்தனை என்று கட்டங்களை நிரப்பினால் போதும், தொட்டி கால் முளைத்து நிற்கும். அந்த அச்சுகளை எல்லாம் செய்து வைத்தது எவேலியோதான். அதில் பொய்யில்லை, மனிதர் வேலைக்காரர்.

வேலை தெரிந்த அளவுக்கு வாயும் நீளம், அதுதான் கேடு. ஒவ்வொரு அச்சிலும் ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் அதில் இரண்டெழுத்து போடுவார்கள், அல்லது காலியாக விடுவார்கள். எவேலியோ அப்பன் வழிப் பெயரும் அம்மா வழிப் பெயரும் சேர்த்து முழுசாகப் போட்டார். அதற்குப் பிறகு எந்த ஆலையின் படத்தில் எந்த பம்பைத் தொட்டாலும் அவர் பெயர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில், ஆட வந்த பையன்களை நிறுத்திவைத்து, “இந்தக் கரையோரத்துல எனக்கு நாலாயிரம் பம்பு பொறந்திருக்குடா” என்று சொன்னார். மகள் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

ஆபீஸுக்குத் தலைவர் டாக்டர் ஒலார்தே. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஊசிபோல் குத்துகிறவர். வியாழக்கிழமை தோறும் அவர் மேஜைக்கு மோதல் கணக்கு போக வேண்டும். படத்தில் ஒரு குழாய் ஒரு தூணுக்குள் புகுந்தால் கம்ப்யூட்டர் அங்கே சிவப்புப் புள்ளி வைக்கும், அதுதான் மோதல். ஒரு சிவப்பும் இல்லாத குழுவுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஆற்றங்கரைக் கடையில் பொரித்த போகச்சிகோ மீனும் பீரும். மீனின் விலை பெரிதில்லை. மீன் கிடைக்காத குழு ஆபீஸில் உட்கார்ந்து, மீன் தின்று திரும்புகிறவர்கள் பல் குத்துவதைப் பார்க்க வேண்டும். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆலையின் படத்தில் எவேலியோவின் குழுவுக்கு ஒரே ஒரு சிவப்பு மிச்சம் இருந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று ஒரு பெரிய உருளை உண்டு. அதற்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒரே கட்டாகக் கிடக்கும். அழுக்கு அடைத்துக்கொண்டால் அந்தக் கட்டை அப்படியே வெளியே இழுத்துக் கழுவ வேண்டும். இழுப்பதற்கு முன்பக்கம் ஆறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். அதற்காக எவேலியோவே தன் அச்சில் ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருந்தார். பெட்டிக்குள் யாரும் எதையும் கட்டக் கூடாது என்று அர்த்தம். அந்தச் சின்ன ஆலையில் பெட்டி ஒரு கம்பி வேலியை இடித்தது. வேலியைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம், ஒரு குறிப்பு எழுதினால் முடிந்தது. குறிப்பு எழுதினால் ஒலார்தே கையெழுத்துப் போட நாலு நாள் ஆகும். மீனோ வெள்ளிக்கிழமை.

எவேலியோ அச்சைத் திறந்தார். ஆறு இருந்த கட்டத்தில் பூஜ்யம் போட்டார். மஞ்சள் பெட்டி மறைந்தது, சிவப்பும் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு போய் மூன்று மீன் சாப்பிட்டார். திங்கட்கிழமை மறுபடி ஆறு போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். திங்கட்கிழமை அவருக்கு அந்த வருஷத்தின் சிறந்த படவரைவாளர் என்று கேடயம் கொடுத்தார்கள். அந்தக் குஷியில் ஆறு மீட்டர் யார் நினைவில் நிற்கும்? அச்சில் பூஜ்யமே தங்கிவிட்டது, அதிலிருந்து எடுத்ததெல்லாம் பூஜ்யத்தோடுதான் பிறந்தது.

போன மாதம் அதற்குப் பலன் வந்தது, தொலைபேசி வழியாக. ஆற்றுக்கு அக்கரையில் புதிதாகக் கட்டிய ஆலையின் பராமரிப்பு மேஸ்திரி திபேரியோ ருவேதா பேசினார். அவர் பேசினால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

“என்னய்யா படம் போட்டீங்க? கிரேன் கொண்டாந்து குழாய்க் கட்டை இழுத்தா ஒண்ணரை மீட்டர் வந்து கன்ட்ரோல் ரூம் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது! மிச்சத்தை என்ன, உறிஞ்சியா எடுக்கறது?”

“ஒரு எக்ஸ்சேஞ்சர்தானே?” என்றார் எவேலியோ.

“ஒண்ணா? பதினொண்ணுய்யா! பதினொண்ணும் செவுத்தைப் பாத்துக்கிட்டு, பள்ளிக்கூடத்துல தண்டனை வாங்குன பசங்க மாதிரி நிக்குதுங்க!”

எவேலியோ போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அக்கரை ஆலையின் படத்தையும் அச்சையும் திறந்தார். பூஜ்யம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கட்டத்தில் அவருடைய பெயர், அம்மா வழிப் பெயரோடு. ஆறு என்று தட்டினார். திரையில் பதினொரு மஞ்சள் பெட்டிகள் ஒரே நேரத்தில் முளைத்து, பதினொன்றும் சுவரில் புகுந்து சிவந்தன. பதறிப்போய் மறுபடி பூஜ்யம் போட்டார்.

மறுநாள் ஒலார்தே கூட்டம் போட்டார். அக்கரைக்காரர்கள் ஒரு பெயர் கேட்டிருந்தார்கள், அவர் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். அந்தப் பதினொன்றையும் படத்தில் வைத்தவள் யெசெனியா கபயேரோ. முப்பது வயது, தனியாக ஒரு பிள்ளையை வளர்க்கிறவள், ஒப்பந்த வேலைக்காரி. அவளுடைய ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் ஒலார்தேயின் பேனாவில் இருந்தது. பலி கொடுக்க இதைவிடத் தோதான ஆடு கிடைக்குமா?

“செவுத்துக்கு ஒண்ணரை மீட்டர்ல யாராவது எக்ஸ்சேஞ்சர் வெப்பாங்களாம்மா?” என்றார் ஒலார்தே.

“அச்சுல இழுக்கற எடம் பூஜ்யம்னு இருந்துது டாக்டர். மஞ்சப் பொட்டி வரவே இல்ல. வந்திருந்தா அங்க வெச்சிருப்பேனா?” என்றாள் யெசெனியா. “நான் கட்டத்தைத்தான் நிரப்புனேன். அச்சு என்னோடது இல்ல.”

அறையில் இருந்த பன்னிரண்டு தலைகளும் எவேலியோ பக்கம் திரும்பின. எவேலியோ ஏசியைப் பார்த்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஒலார்தே சிரித்தார். “எவேலியோவையா சொல்ற? அவர் பேர் எதுலதான் இல்ல? கக்கூஸ் பம்புல கூட இருக்கு. அவர் படம் போடறவர்மா. கோடு போடுன்னா போடுவாரு. எத்தனை மீட்டர் எடம் விடணும்னு முடிவு பண்ண அவரு என்ன இன்ஜினியரா? ரெண்டு செமஸ்டர் படிச்ச மனுஷன். எவனோ ஒரு இன்ஜினியர் சொன்ன நம்பரைப் போட்டிருப்பாரு. அவருக்கு என்ன தெரியும், பாவம்.”

எவேலியோ தப்பித்துவிட்டார். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கார்மென் மாதாவை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். ஆனால் ‘பாவம்’ என்ற சொல் அவருக்குள் போய் எங்கேயோ தைத்துவிட்டது. நாலாயிரம் பம்புக்கு அப்பன், எவனோ சொன்ன நம்பரைப் போட்டவனா? நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

“டாக்டர், எனக்கு எவனும் நம்பர் சொன்னதில்ல. அந்த ஆறு மீட்டர் நான் கணக்குப் போட்டு வெச்சது. உங்க இன்ஜினியருங்க ஒருத்தனுக்கும் அப்ப அது தோணல. பூஜ்யம் ஆக்குனதும் நான்தான். இந்த ஆபீஸ்ல அதைத் தொடத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான், தெரிஞ்சுக்கங்க!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை மேடை ஏறிக் கத்தியது.

“எதுக்குப் பண்ணீங்க?” என்றார் ஒலார்தே மெதுவாக.

“மீனுக்கு” என்றார் எவேலியோ.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. எவேலியோ மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அச்சுகளின் பொறுப்பு யெசெனியாவுக்கு வந்தது, இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு. அக்கரையில் கன்ட்ரோல் ரூம் சுவரில் பதினொரு கதவு வெட்டினார்கள். குழாய்க் கட்டை இழுக்கும் நாளில் உள்ளே வேலை செய்கிறவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். திபேரியோ அங்கே எவேலியோவின் அம்மாவை வசவில் இழுக்காத நாளில்லை.

கடைசி நாள் மாலை எவேலியோ கேடயத்தையும் காபிக் கோப்பையையும் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். யெசெனியா அங்கே காத்திருந்தாள், கண் சிவந்திருந்தது.

“அண்ணே, அன்னைக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் இப்ப நடுத்தெருவுல நின்னிருப்பேன். எனக்காக உங்க வேலையவே விட்டீங்க. எங்கப்பா கூட எனக்கு இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு.”

அன்றைக்கு அந்த அறையில், யெசெனியா என்று ஒருத்தி இருப்பதே எவேலியோவின் நினைவில் இல்லை. எழுந்தபோதும் இல்லை, கத்தியபோதும் இல்லை, உட்கார்ந்த பிறகும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

“உனக்காகத்தான்மா பேசுனேன்” என்றார்.

சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் இறங்கினார். காது மடல் வரை சுட்டது. ஐம்பத்து நான்கு வயதில், தன்னைப் பற்றி ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தையைக் கேட்டு மனிதர் முதல் தடவையாக வெட்கப்பட்டார்.