பொம்மைத் தாயிடம் பேசியது

பட்டதாரித் தாதியாக வேண்டும் என்று அரச உத்தியோகத்தை நான் விட்டபோது எனக்கு வயது முப்பது. அதற்கு முன் எட்டு வருடம், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் கிராமத்து மருத்துவமாதாக இருந்தேன். வெள்ளைச் சீருடை, கறுப்புப் பை, ஒரு பழைய ஸ்கூட்டி, அறுபது வயதில் பென்ஷன். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. "உனக்கென்ன விசரா மனே?" என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அம்மா என்னோடு பேசவில்லை.

மருத்துவமாதுக்கு மேலே ஏறப் படிகள் குறைவு. ஒன்றரை வருடப் பயிற்சி, பிறகு கிராமம், முடி நரைக்கும் காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் மேற்பார்வைப் பதவி. அவ்வளவுதான். தாதியாக ஆசைப்பட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் வயிறு பார்த்த தாய்மார், நிறை பார்த்த குழந்தைகள், மாரி வெள்ளத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோன வீடுகள், இவற்றை எழுத எந்த விண்ணப்பப் படிவத்திலும் ஒரு கோடுகூட இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கோபக்காரி. முதலிலிருந்துதானே, வருகிறேன் பார் என்று உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகம் போக மூன்று தடவைதான் அந்தப் பரீட்சை எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் இரண்டு முடிந்திருந்தது; மூன்றாவது அப்படியே மிச்சம் கிடந்தது.

என் வீடு தேற்றாத்தீவில். வேலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் ஸ்கூட்டியையும் ஏற்றிக்கொண்டு மிதவையில் வாவியைக் கடக்கும்போது இரசாயனவியல் படித்தேன், திரும்பி வரும்போது பௌதிகவியல். என் மனுசன் வாவியில் மீன் பிடிக்கிறவர். வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே என் கொப்பியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். விடை சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் தெரியாததை மழுப்பிச் சடைந்தால் கண்டுபிடித்துவிடுவார். "இன்னொருக்காச் சொல்லு, இதுல இழுபடுறாய்" என்பார். தாதியியல் பட்டப்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த நாளில் என்னைவிட அவர்தான் கூடத் துள்ளினார்.

விலகல் கடிதத்தை வாங்கிய பெரிய கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு வருசம் படிச்சுப் போட்டுத் திரும்பவும் தாய்மாரத்தானே பாக்கப் போறீங்க? அத இப்பவே செய்றீங்கதானே?"

"ஓம் ஐயா. இப்ப செய்றதுக்கு மேல போக வழியில்ல. அங்க இருக்கு."

"பிழைச்சா இஞ்ச வர ஏலா. யோசிச்சுச் செய்யுங்க."

அவர் சொன்னது உண்மை. பட்டம் கிடைக்காவிட்டால் எனக்குத் திரும்பிப் போக வேலை இல்லை. அந்த நினைப்பு படிப்பு முடியும்வரை என்னோடு கூடவே திரிந்தது.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று குட்மோர்னிங் சொன்னார்கள். நான் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் அக்கா. உடற்கூற்றியல் பெயர்களை அவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள், நான் அவர்களுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தேன். மூன்றாம் வருடம்வரை ஒரு பாடத்திலும் பிழைக்கவில்லை, எல்லாவற்றிலும் சித்திதான்.

மூன்றாம் வருடத்தில் தாய்மைப் பராமரிப்புச் செயன்முறைப் பரீட்சை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். "அக்காக்கென்ன, கண்ண மூடிட்டுச் செய்வா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பரீட்சை முறை இதுதான்: மேசையில் வயிற்றுப் பிள்ளைத்தாய் போல ஒரு பொம்மை. பக்கத்தில் பரீட்சகர், அவர் கையில் ஒரு பட்டியல். நாம் செய்வதை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். சொன்னதற்கு அவர் சரி போடுவார். மணி அடித்தால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

நான் கை கழுவினேன். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கினேன். பிறகு பொம்மையின் முகத்தைப் பார்த்து, "என்ன மகள், சாப்பிட்டீங்களா?" என்றேன்.

நினைத்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நான் வேலைக்குப் போன புதிதில் ஓர் அறுவடைக்காலம். வட்டையில், அதாவது வயல்வெளியில், குடிசை போட்டுத் தங்கியிருந்த ஒரு தாய் வெயிலில் நடந்து கிளினிக்குக்கு வந்தாள். படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தேன். என் கைக்குக் கீழேயே மயங்கிப் போனாள். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் ஒரு வயிற்றையும் நான் தொட்டதில்லை.

"யாரோட கதைக்கிறீங்க?" என்றார் பரீட்சகர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்.

"தாயோட மிஸ்."

"அது பொம்மை. செய்முறைய எனக்குச் சொல்லுங்க."

"நான் தொடப் போறது அவவைத்தானே மிஸ்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். நான் விடவில்லை. பொம்மையோடு கதைத்தபடியே வயிற்றைப் பார்த்தேன், அதுவும் கிளினிக்கில் போலத் தணிந்த குரலில். பிள்ளையின் இதயத்துடிப்புக்குப் போக முன் மணி அடித்தது. பெறுபேறு வந்தபோது நான் அந்தப் பாடத்தில் பிழைத்திருந்தேன். எட்டு வருடம் இதே வேலை பார்த்தவள், இதிலேயே பிழைத்தாள். மலசலகூடத்துக்குள் போய் அழுதேன். அழுது முடிய ஆத்திரம்தான் மிஞ்சியது.

பரீட்சகர் கெட்டவர் அல்ல. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உங்களுக்கு வேலை தெரியுமெண்டு எனக்கு விளங்குது. ஆனா சொல்லாததுக்குச் சரி போட எனக்கு ஏலாது. மறுபரீட்சையில எனக்குச் சொல்லிச் செய்யுங்க. அதுவும் பிழைச்சா ஒரு வருசம் போயிரும்" என்றார். வீட்டில் மனுசன் இதையே வேறுவிதமாகச் சொன்னார். "அவ கேக்கிறதச் சொல்லிட்டு வாவன். பிறகு ஆசுப்பத்திரியில உன்ட பாட்டுக்குக் கதை." நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தாயின் தலைக்கு மேலால் இன்னொருவரோடு பேசிக்கொண்டு அவள் வயிற்றில் கை வைக்கப் பழகினால், அந்தப் பழக்கம் பரீட்சையோடு நின்றுவிடாது. அப்படிப் பழகிப் போன வார்ட்டுகளை நான் கண்டிருக்கிறேன்.

மறுபரீட்சை நாள். அதே பொம்மை, அதே பரீட்சகர். கையைத் தேய்த்துக்கொண்டு, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி தொடங்கினேன்.

"என்ன மகள், சாப்பிட்டீங்களா? ஒண்டுக்குப் போயிட்டு வந்தீங்கதானே? நான் கை கழுவிட்டன். கையச் சூடாக்கிறன், இல்லாட்டி உங்களுக்குக் குளிரும். இப்ப மேல் வயித்துல கை வைக்கப் போறன், கர்ப்பப்பை எவ்வளவு உயரம் வந்திருக்கெண்டு பாக்க. இதுல மெத்தெண்டு இருக்கிறது பிள்ளையின்ட குண்டி. இந்தப் பக்கம் நீளமா ஓடுறது முதுகு. கீழ கெட்டியா, உருண்டையா இருக்கிறது தலை. நல்லாத்தான் கிடக்கு மகள், பயப்பட வேணாம். இப்ப இதயம் துடிக்கிறதக் கேக்கப் போறன்."

பரீட்சகர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்தார். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. இடது பக்கம் சரிந்து மெதுவாக எழும்பச் சொல்லிப் பொம்மையைப் போர்த்தி முடித்தேன். மணி இன்னும் அடிக்கவில்லை.

"நீங்க இப்பவும் எனக்குச் சொல்லல்ல" என்றார்.

"உங்களுக்குக் கேட்டதுதானே மிஸ்."

அவர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

நான் சித்தியடைந்தேன். ஆனால் மறுபரீட்சையில் எவ்வளவு திறமாகச் செய்தாலும் C க்கு மேல் கிடையாது. அந்த ஒரு C யால் எனக்கு முதலாம் வகுப்புச் சித்தி தவறியது. முதலாம் வகுப்பு இல்லாததால் உதவி விரிவுரையாளர் பதவிக்கு நான் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது பிரசவ வார்டில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். தாய்மாரிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.

போன மாதம் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: மறுபரீட்சைக்குத் தோற்றியிருப்பின் காரணம். என்னோடு வார்டில் வேலை செய்கிற இன்னொரு தாதி மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "சுகமில்ல எண்டு எழுதுகா. ஆரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார். எட்டு வருடத்தை எழுத இடம் தராத படிவங்களைப் பார்த்தவள் நான். இதில் ஒரு முழுக் கோடு இருந்தது. பேனாவை எடுத்து, கோட்டுக்குள் அடங்க எழுதினேன்: "பரீட்சகரிடம் பேசாமல் தாயிடம் பேசினேன்."

நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்களாம். கேட்கட்டும்.