மன்னரை ஒருவர் நம்பிவிட்டார்

அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு மேற்கோள் மன்னர் என்று பெயர். பட்டம் சூட்டியது கேன்டீன், அங்கீகரித்தது நிர்வாகம். ஓர் ஆய்வாளரின் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டுகிறார்களோ, அவ்வளவுக்கு அவர் பெரிய மனிதர் என்பது அந்தத் தொழிலின் சாஸ்திரம். மற்றவர்கள் வருடத்துக்கு நாலைந்து மேற்கோளுக்கு வாய் பிளந்து நிற்க, மன்னருக்கோ அது மழைக்கால ஒழுகல் மாதிரி விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை இயக்குநர் வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டுவைத்திருந்தார். அதைப் பார்க்கப் பயந்துகொண்டு மன்னர் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்கு வருவார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு மருந்து நுரையீரல் புற்றுச் செல்களை அடியோடு அழிக்கிறது என்று இளவயதில் அவர் நிரூபித்திருந்தார். நிரூபணத்தில் ஒரு குறையும் இல்லை. செல்தான் நுரையீரலுடையது இல்லை. இந்த வேலையில் இது நடக்கக்கூடியதுதான். இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய குடுவைகளில் செல்களை வளர்ப்பார்கள். ஒரு குடுவையில் விட்ட குழாயை ஞாபகப்பிசகாக அடுத்ததிலும் விட்டால், ஒரு சொட்டோடு ஒட்டிக்கொண்டு வேறு வகைச் செல் அங்கே குடியேறிவிடும். வேகமாகப் பெருகும் ஜாதியாக இருந்தால், கொஞ்ச நாளில் வீட்டுக்காரரை விழுங்கிவிட்டு அவர் பெயர்ப்பலகைக்குப் பின்னாலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொள்ளும். மன்னரின் குடுவையில் ‘நுரையீரல்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது கருப்பைவாய்ப் புற்றுச் செல்.

வேறோர் ஊரில் ஒரு பெண் ஆய்வாளர் இதைச் சோதித்து அறிவித்தார். அன்று பிடித்தது யோகம். குடுவைகளைக் கவனமாகக் கையாளுங்கள் என்று எழுத வந்த ஒவ்வொருவரும், கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மன்னரை எடுத்துக் காட்டினார்கள். கண்டித்தவர் உண்டு, வருந்தியவர் உண்டு, கேலிப்படம் போட்டவரும் உண்டு. எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். எண்ணிக்கை ஏறியது. கட்டுரையை வாபஸ் வாங்கிவிடலாமென்று மன்னர் ஆய்விதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ வரை வந்தபோது இயக்குநர் பூச்செண்டோடு அறைக்குள் நுழைந்தார். கடிதம் அந்த விளிப்போடு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க மன்னா, உட்காருங்க. துறைத் தலைவர் பதவிக்கு உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு வருது.”

மன்னர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “சார், அந்தக் கட்டுரையை யாராவது…”

“யாராவது?”

“படிச்சுட்டா?”

இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “தன்னடக்கம் வேண்டியதுதான், அதுக்காக இப்படியா? குழுவுல இருக்கிறவங்க எல்லாம் பெரிய மனுஷங்க, டாக்டர். அவங்களுக்குப் படிக்க ஏது நேரம்?”

இந்த உத்தரவாதத்தால் பயம் பாதியாகியிருக்க வேண்டும். மன்னரின் பயம் கணக்குக்குக் கட்டுப்படாது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கம்ப்யூட்டரில் அன்றைய மேற்கோள்களைத் திறந்தார். வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல, தினமும் அதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. மென்மையாகத் திட்டியிருந்தால் அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்பார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவி, எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“என்னங்க, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. ரொம்பத் திட்டிட்டாங்களா?”

“திட்டல. நம்பிட்டாங்க.”

“யாரு?”

“ஒரு ஆஸ்பத்திரி. நுரையீரல் புற்றுநோய்க்காரங்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கப் போறாங்களாம். இப்ப கொடுக்கிற மருந்தை நிறுத்திட்டு.”

சிவப்புப் பேனா நின்றது. “அது வேலை செய்யாதா?”

“செய்யுமா செய்யாதான்னு யாருக்கும் தெரியாது. நுரையீரல் செல்லுல நான் பார்க்கவே இல்லையே.”

“அப்ப உடனே சொல்ல வேண்டியதுதானே? இத்தனை பேர் திட்டியிருக்காங்க, அவங்க கண்ணுல படலையா?”

“எத்தனை பேர்ங்கிறதுதான் பட்டிருக்கும்.”

“நல்ல கூத்து. நானும் பேப்பர் திருத்துறேன். பக்கத்தை எண்ணி மார்க் போட்டா பிள்ளைங்க சிரிக்கும்.” மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வெள்ளிக்கிழமைக்காக யோசிக்கிறீங்களா?”

மன்னர் கம்ப்யூட்டரை அணைத்தார். கேட்டவருக்கு அதுவே பதில்.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“வீட்ல மட்டும்.”

“நல்லது. வெள்ளிக்கிழமை வரைக்கும் உண்மையை அடக்கி வைங்க. சனிக்கிழமையிலேருந்து எவ்வளவு வேணா பேசுங்க, நானே மைக் வாங்கித் தர்றேன். இந்த மாதிரி சோதனையெல்லாம் ஆரம்பிக்க மாசக்கணக்கா ஆகும். உங்களுக்குத் தெரியாததா?”

மன்னருக்கு இது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதே அவரை இன்னும் கலவரப்படுத்தியது. அந்த வாரம் முழுவதும் யார் இருமினாலும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயிற்காவலர் லேசாகக் கனைத்ததற்கு நின்று, “எத்தனை நாளா இருக்கு? சளியில ரத்தம் வருதா?” என்று விசாரித்தார். காவலர் அரண்டுபோய், “டீ புரையேறிடுச்சு சார்” என்றார். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு குடுவையின் சீட்டையும் சந்தேகக் கேஸ் மாதிரி முறைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குழு வந்து அமர்ந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கொரு கோப்பு. கோப்பின் முதல் பக்கத்தில் அந்த எண் இருந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனவர் எவருமில்லை. நடுவில் இருந்த மூத்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகச் சிரித்தார்.

“பிரமாதம். எங்க காலத்துல இதுல பாதி வந்திருந்தாலே மேளம் கொட்டியிருப்போம். உங்க கண்டுபிடிப்பு இப்போ ஆஸ்பத்திரிக்கே போயிடுச்சாமே? வர்ற திங்கட்கிழமை முதல் நோயாளிக்குக் கொடுக்கிறதா அங்க இருக்கிற என் மாணவி சொன்னா.”

இயக்குநர் தானே மருந்து கண்டுபிடித்தவர் போலத் தலையசைத்தார்.

திங்கட்கிழமை. மன்னர் தண்ணீர் குடிக்கப் பார்த்தார். பாட்டிலின் மூடியைத் திறக்கவில்லை. அடுத்து நடந்ததை வீரம் என்று யாரும் தப்பாக எழுதிவிடக் கூடாது. ஒரு பயத்தை அதைவிடப் பெரிய பயம் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளியது, அவ்வளவுதான்.

“ஐயா, அது நுரையீரல் செல்லே இல்ல” என்றார். “குடுவை மாறிப்போச்சு. மேற்கோள் காட்டின அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தரும் பாராட்டல.”

இடது பக்கத்து உறுப்பினர் கவலையோடு கோப்பைப் பார்த்தார். “அப்போ இந்த எண்ணிக்கை?”

“எண்ணிக்கை சரிதான் சார்” என்றார் இயக்குநர் அவசரமாக. “அதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல.”

மன்னர் கேட்டது பேராசிரியரை. “உங்க மாணவியோட போன் நம்பர் கொடுப்பீங்களா, ஐயா?”

பேராசிரியரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தார்.

வராந்தாவில் நின்று மன்னர் போன் செய்தார். நுரையீரல் மருத்துவரான அந்தப் பெண் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உங்க கட்டுரையை அத்தனை பேர் எடுத்துக் காட்டியிருந்தாங்களே, சார். அதனாலதான் நம்பினோம்.”

“அவங்க எல்லாம் திட்டியிருக்காங்கம்மா. வாபஸ் வாங்க வேண்டியவன் நான். பயந்துக்கிட்டு விட்டுட்டேன்.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “திங்கட்கிழமை வர்றவர் பஸ் டிரைவர். பழைய மருந்தைப் போன வாரமே நிறுத்திட்டோம். புதுசு கொடுக்கும்போது உடம்புல அது இருக்கக் கூடாதுன்னு.”

மன்னர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “திரும்ப ஆரம்பிச்சுடுங்க. இன்னிக்கே.”

“ஆரம்பிக்கிறேன். ஆனா அந்த ஒரு வாரம் போனது போனதுதான், சார். புது மருந்து வருதுன்னு வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அவர்கிட்ட நான் என்ன சொல்றது?”

“என் பேரைச் சொல்லுங்க. என்னோட தப்புன்னு சொல்லுங்க.” எழுத்து எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னார், மருத்துவர் எழுதிக்கொண்டார்.

“அந்த டிரைவர் உங்ககிட்டப் பேசணும்னு கேட்டார்னா?”

“நம்பரைக் கொடுங்க. பேசுறேன்.”

வராந்தாக் கோடியில் இருந்த பெஞ்சில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குழு அறைக் கதவு திறந்தது. இயக்குநர் தலையை நீட்டி, “உள்ள வாங்க டாக்டர், ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடலாம்” என்றார்.

“எனக்கு ஒரு போன் வரணும், சார்.”

வந்துவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.