இருபத்தேழாம் எண் தவில்

எங்கள் வீட்டில் புதுப் பொருள் வந்தால் முதலில் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். அதற்குப் பிறகு அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் காப்பாற்றுவோம். பெங்களூர் நீலசந்திராவில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில் டிவி ரிமோட் ஏழு வருடம் உறைக்குள்ளேயே வாழ்ந்து, உறைக்குள்ளேயே உயிரை விட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்று வந்தது. வாங்கி வந்த புண்ணியவான் நான்தான்.

டிரம்ஸ் என்றதும் மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். எட்டு ரப்பர் சதுரங்கள் பதித்த கறுப்புப் பலகை, அவ்வளவுதான். எங்கள் வட்டாரத்தில் அதைப் பேட் என்போம். சிவாஜிநகரில் செகண்ட் ஹேண்ட் கடையில் கிடந்தது; கூட வந்திருக்க வேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. பகலில் கூரியர் ஆபீசில் கவர் பிரித்துக்கொண்டிருந்த நான், சாயங்காலம் அந்தப் பலகைக்குப் பின்னால் நின்றதும் கலைஞன் ஆகிவிடுவேன். லைட் மியூசிக் குழு ஒன்றில் வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், பிள்ளையார் பந்தல், நவம்பர் மாதக் கன்னட ராஜ்யோத்சவ விழா மேடை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம்.

பேடுக்குள் முப்பத்திரண்டு தொகுப்புகள், தொகுப்புக்கு எட்டுச் சத்தங்கள். ஒரு தாளக்காரனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று தயாரித்தவர்கள் தீர யோசித்திருந்தார்கள். பிரேசில் மேளம் இருந்தது. ஆப்பிரிக்கக் குடுக்கை இருந்தது. இருபத்தேழாம் எண்ணில் துப்பாக்கி வெடிப்பது, நாய் குரைப்பது, டெலிபோன் மணி, கண்ணாடி உடைவது எல்லாம் இருந்தன. தவில் மட்டும் அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதனால் என்ன, நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். மற்ற தொகுப்புகளில் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எக்கோ இருந்தது, இருபத்தேழில் இல்லை. அதன் மேலேயே வேலையை ஆரம்பித்தேன். பிரேசில் மேளத்தின் சுருதியைத் தாழ்த்தி, நீட்டத்தைக் குறைத்ததும் குச்சி படுகிற இடது பக்கம் கிடைத்தது. விரலில் மாட்டிய கூடு படுகிற வலது பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. மரக்கட்டைச் சத்தத்தையும் சின்ன டிரம் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சுருதியைக் கூட்டிக் குறைத்து ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். நடுநடுவே அம்மன் கோயிலுக்குப் போய்த் தவில்காரர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வருவேன். எனக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

செய்ததைச் சேமிக்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் என் தவில் நிலைத்துவிடும். கம்பெனி வைத்த சத்தங்கள் போய்விடும். நாய்க் குரைப்பை வைத்து நான் எந்தப் பாட்டுக்கும் வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் கம்பெனி வைத்ததை அழிக்க மனசு வரவில்லை. எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பேடை அணைத்தால் தவில் காணாமல் போகும். திரும்பப் போடும்போது நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்ற இருபது நிமிடம் ஆகும். அதை நான் சிரமமாகவே நினைக்கவில்லை.

இந்த நேரத்தில் என் தங்கைக்கு ஜீவனஹள்ளியில் சம்பந்தம் முடிவானது. கார்மென்ட்ஸில் வேலை செய்துகொண்டிருந்தவள். புடவை, நகை என்று எதற்கும் வாய் திறக்காதவள், ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் வந்து நின்றாள்.

"நாயனமும் மேளமும் நெஜமா இருக்கணும்ணா. அது ஒண்ணு போதும் எனக்கு."

வீட்டிலேயே கலைஞன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டேன். கன்னடக்காரர்கள் சொல்கிற மாதிரி ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, நீயே வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாய் என்றேன். கரண்டில் ஓடும் எந்தப் பொருள்மீதும் அப்பாவுக்கு மரியாதை அதிகம். அவரும் என் பக்கம் சாய்ந்தார். தங்கை திரும்பிப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய், நோட்டைப் பிரித்து, இருபது நிமிடத்தில் தவிலை ஏற்றினேன். எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் ஷெனாய்ப் பொத்தானை அழுத்தி அதை நாதஸ்வரம் என்று எல்லாரையும் நம்பவைத்தார். நன்றாகவே போனது. பெரியவர் ஒருவர் மேடைப் பக்கத் திரையை விலக்கித் தவில்காரர் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. பெங்களூரில் அதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு வந்தது, பேடும் பழையபடி இருபத்தேழு என்றே காட்டியது. கரண்ட் போவதும் பேடை அணைப்பதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஆசீர்வாதத்துக்காகத் தாலித் தட்டு என்னிடம் வந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்றார்.

கெட்டிமேளம் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். தாலி ஏறும்போது தும்மல், அழுகை, கெட்ட பேச்சு எதுவும் யார் காதிலும் விழக் கூடாது. அதை அமுக்கத்தான் அவ்வளவு வேகம். நானும் இரண்டு கையாலும் என் முழு வித்தையையும் காட்டினேன். ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டிலும் கண்ணாடி உடைந்தது. ஒன்று இரண்டு இல்லை, கெட்டிமேளக் கணக்கில் சரசரவென்று உடைந்தது. நடுவில் நாய் குரைத்தது. பழகிய கை என்பதால் உடனே நிற்கவும் இல்லை. நின்றபோது மாப்பிள்ளையின் கை முதல் முடிச்சிலேயே நின்றிருந்தது. மண்டபமே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் யாரோ தும்மினார்கள்.

ஐயர்தான் மந்திரத்தை உரக்கச் சொல்லி மிச்சத்தை நடத்தி முடித்தார். தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து என்னப்பா உடைந்தது என்று கேட்டார். ஒன்றும் உடையவில்லை, எல்லாம் மிஷினுக்குள்ளே இருக்கிற சத்தம் என்று விளக்கினேன். வீடியோக்காரர் அந்த இடத்தில் அசல் தவிலை ஒட்டிக் கொடுத்தார். கேசட்டில் என் தங்கையின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்திருக்கிறது.

ரிசப்ஷன் மேடைகளில் இதை நானே சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். மாமியார் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துச் சந்து வழியாக நேரே அடுப்படிக்குப் போனதை அவர் பார்க்கவில்லை. தங்கை டீ ஊற்றும்போது கண்ணாடி டம்ளர் ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது.

"இன்னாம்மா, உங்க அண்ணன் வந்துகீறாரா?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

ஆமாம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வந்தது அவங்களுக்குத் தெரியாது. இங்க எது ஒடஞ்சாலும் இப்பிடித்தான் கேப்பாங்க. மொதல்ல வயித்துல தங்காம போச்சே, அன்னிக்கி ஆஸ்பத்திரிலயும் கேட்டாங்க."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். வேறு டம்ளரில் டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்த வழியாகவே வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேடை எடுத்து, நோட்டைப் பார்த்துத் தவிலை ஏற்றினேன். அதற்கு வழக்கம்போல இருபது நிமிடம் ஆனது. பிறகு சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். துப்பாக்கி, நாய், கண்ணாடி எல்லாம் போய்விட்டன. அதற்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.