ராணியை விடாத அண்ணாச்சி

விருதுநகர் புத்தகக் கண்காட்சியில், இரண்டு கையிலும் இரண்டு சதுரங்கப் புத்தகங்களோடு நான் தவித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்முன்னே நிற்கிறது. பின்னால் நிற்கிறவர் முதுகில் இடிக்கிறார். கடைக்காரர், "எதாச்சும் ஒண்ண எடுங்க சார்" என்று முனகுகிறார். எனக்கானால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிறவியிலேயே எனக்குப் பொறுமை என்பது கிடையாது. வாங்கிவரச் சொன்னவர் எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டிய அண்ணாச்சி. "ஆட்டம் சட்டுனு முடியாம இருக்கதுக்கு வழி சொல்ற புத்தகமாப் பாத்து வாங்கியா தம்பி" என்றுதான் சொல்லி அனுப்பினார். அதை நான் காதில் வாங்கிக்கொண்ட லட்சணத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாங்கள் வேலை பார்த்தது சிவகாசியில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் ஒரு சின்ன அச்சகம். நான் ஆப்செட் மிஷினில், அவர் கட்டிங்கில். அண்ணாச்சிக்கு ஒரே மகள், தாயில்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சதுரங்கத்தில் அவள் புலி. சாத்தூர், விருதுநகர், மதுரை என்று எங்கே போட்டி நடந்தாலும் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு கூட்டிப்போவார். கூடத்துக்கு வெளியே வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார். ஆனால் குதிரை எப்படிப் போகும் என்றுகூட ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போன மகள், கூட வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, "அப்பம் அங்கனயே இருந்துக்கோ" என்று போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு வருஷம் பேச்சுமூச்சு இல்லை.

அந்த இரண்டாவது வருஷத்தில்தான், ஐம்பத்தைந்து வயதுக்கு மேலே, சதுரங்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். சாப்பாட்டு வேளையில் லேபிள் கட்டின் மேல் பலகையை வைத்து ஆடுவோம். போனில் சதுரங்கம் ஆடுகிற ஆப்பை இறக்கிக் கொடுத்ததும் நான்தான். அதில் மகளைத் தேடிக் கண்டுபிடித்து ஆட்டத்துக்கு அழைத்தோம். அவள் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து, அவளாகவே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினாள். காலையில் டீ குடிக்கும்போது இவர் ஒரு காய் நகர்த்துவார். சாயங்காலம் அவள் ஒன்று நகர்த்துவாள். அந்த ஆப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பவும் இடம் உண்டு. அப்பனும் மகளும் ஓர் எழுத்துகூட அனுப்பவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

பதினைந்து நாளில் அண்ணாச்சி தோற்றுவிடுவார். தோற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: ராணியை விடமாட்டார். அந்தப் பக்கம் மகள் ராஜாவைச் சுற்றி வளைத்திருப்பாள்; இந்தப் பக்கம் இவர் ராணியைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக ஓடிக்கொண்டிருப்பார். "அண்ணாச்சி, ராணி போனாப் போகுது, ராஜாவப் பாருங்க" என்று நான் கத்துவேன். "அதெப்பிடிப்பா விட்டுக் குடுக்க?" என்பார். தோற்ற பிறகு அவள் அடுத்த ஆட்டம் தொடங்க இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும். இவராகத் தொடங்கினால் எடுக்க மாட்டாள். அந்த நாட்களில் அவரைப் பார்க்கச் சகிக்காது. சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பார். கத்தி இறங்குகிற மிஷினில் நிற்கிற ஆள் செய்கிற காரியமா அது? ஆட்டம் நடக்கிற நாளெல்லாம் அவருக்கு மகள் இருந்தாள், முடிந்துவிட்டால் இல்லை. அதனால்தான் ஆட்டத்தை நீட்டிக்க ஒரு புத்தகம் கேட்டார்.

கண்காட்சியில் என் இடது கையில் இருந்தது அவருக்கென்றே எழுதியதுபோல ஒரு புத்தகம். சிப்பாய்களை எப்படி வரிசைகட்டி நிறுத்துவது, வேலையில்லாமல் நிற்கிற காயை எங்கே கொண்டுபோய் வைப்பது, நெருக்கடி வந்தால் எந்தக் காயைக் கொடுத்து எதை வாங்குவது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. ஆட ஆரம்பித்துக் கொஞ்சம் தேறி வருகிற ஆளுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அச்சு இருக்கிறதே, சேச்சே! கட்டங்களில் மை அப்பிக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் அடித்தது மறுபக்கம் தெரிந்தது. வலது கையில் இருந்ததோ வழுவழுவென்று கனத்த தாள், இரண்டு கலரும் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தன, தைத்துக் கட்டிய முதுகு. பதினைந்து வருஷம் மை வாசத்தில் கிடந்தவன் புத்தகத்தை எப்படிப் பார்ப்பான்? தாளைத் தடவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், நடுவில் விரித்து அழுத்தினேன். வலது கைப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். அது முழுக்க முழுக்கப் பொறி வைத்து எதிராளியைச் சட்டென்று மடக்குகிற வித்தைகள். ஒரு தடவை ஜெயித்துக் காட்டினால் மகளுக்கு அப்பன் மேல் மரியாதை வரும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு யாராவது என்னிடம் சதுரங்கப் புத்தகம் கேட்டால், யாரோடு ஆடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அடுத்த ஆட்டத்தில் அண்ணாச்சி புத்தகத்தில் இருந்தபடியே ஆடினார். ஐந்தாம் நாள் ராணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. டீ ஆறிப்போகும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுங்க அண்ணாச்சி, நான் சொல்றேன்ல" என்று பக்கத்தில் நின்று பறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். சாயங்காலம், அப்பா கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்தோ என்னவோ, மகள் ராணியை வெட்டிவிட்டாள். அதற்கப்புறம் இரண்டே நாள். ஒரு மந்திரியும் இரண்டு குதிரையும் சேர்ந்து ராஜாவை மடக்கிவிட்டன. ஏழு நகர்வில் ஆட்டம் முடிந்தது. நான் விசிலடித்தேன். அண்ணாச்சி போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஜெயிச்சாச்சு. இனி என்ன தம்பி செய்ய?" என்று கேட்டபோதுதான் என் புத்தியில் உறைத்தது.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. புது ஆட்டம் வரவில்லை. எப்போதும் இரண்டு வாரம் ஆகும் என்று தெரிந்திருந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டாளோ, இனி ஆடவே மாட்டாளோ? அந்த இன்னொரு புத்தகத்தையாவது பிடித்துவிட வேண்டும் என்று விருதுநகருக்கு ஓடினேன். கண்காட்சி முடிந்து கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூரில் கேட்டேன், மதுரைக்கு பஸ் ஏறினேன். எங்கேயும் இல்லை. தீபாவளி சீசன், ஆர்டர் மேல் ஆர்டர், முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார். "போன் போட்டுப் பேசுங்களேன் அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். "இருந்துக்கோன்னு சொன்ன வாயி தம்பி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?" என்றார்.

ஆறாம் நாள் மத்தியானம் அச்சகத்து போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "அண்ணே, அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் குரல்.

"ஒண்ணும் ஆகலையே தங்கச்சி. அந்தா மிஷின்ல நிக்காக."

"பொய் சொல்லாதீக. தெனமும் காய் நகந்துச்சுன்னா அப்பா நல்லாருக்காகன்னு நிம்மதியா இருப்பேன். நம்ம பக்கம் வெடி விபத்துன்னு செய்தி வந்தாக்கூட ஆப்பத்தான் மொதல்ல தொறந்து பாப்பேன். கடைசியா ஆடுனது அப்பா ஆட்டம் இல்லண்ணே. அவுக ராணியக் குடுக்கவே மாட்டாக. அஞ்சு நாளா எனக்கு உசுரே இல்ல. போனு யாரு கையில இருக்கு? அப்பா எங்க?" கடைசி வார்த்தை அழுகையில் கரைந்தது.

அந்தப் புத்தகத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணாச்சி!" என்று போட்ட சத்தத்தில் மிஷின்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு லேபிள் கட்டைப் பாதி வெட்டில் விட்டுவிட்டு அவர் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த முனையில் அவள், "அப்பா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான் தாயி" என்றார் கடைசியில். "நாந்தான் ஆடுனேன். ராணியக் குடுத்தது நாந்தான். வேற யாருமில்ல, நாந்தான்."