ராபியா சிஸ்டரின் வாய்

எங்கள் பிரசவ வார்டுக்குள் ராபியா சிஸ்டர் நுழைகிறாள் என்றாலே பைகள் அவசர அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் போகும். பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற அம்மாக்களும் மாமியார்களும் ஃபிளாஸ்கில் காபி என்று கொண்டுவருவது பாதி நேரம் காபியாக இருக்காது. சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்ட கஷாயமாக இருக்கும். ராபியா மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள்.

"இது இன்னா, காபியா? எனக்கு ஒரு வாய் ஊத்து, பாப்பம்."

அதன் பிறகு அவள் வாய் திறந்தால் வெளியே டோக்கன் வாங்க நிற்கிறவர்கள் வரைக்கும் கேட்கும்.

நான் மங்களம். அதே வார்டில் நர்ஸ். வேப்பம்பட்டில் ரயிலேறி, ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்கு வந்து சேருவதற்குள் என் பொறுமை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியை ராபியா தீர்ப்பாள். ஆனாலும் அவளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலியில் துடிக்கிறவளைத் திட்டிக்கொண்டே முதுகை நீவிவிடுவாள். துணைக்கு ஆளில்லாமல் வந்த பெண்களுக்குத் தன் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்று என்னிடமே பொய் சொல்வாள்.

போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து வர்ஷா என்ற பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். பிரசவமான பெண்கள் வீட்டில் என்னென்ன மூலிகை மருந்து சாப்பிடுகிறார்கள், அவர்கள் மனசு எப்படி இருக்கிறது, இரண்டையும் கேட்டறிய வேண்டும். எங்களையும் கேட்கச் சொன்னாள். "கேளுங்க சிஸ்டர், ஆனா திட்டாதீங்க" என்று ராபியாவிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்.

நான் கேட்டால் லேகியம், பூண்டு, பெருங்காய உருண்டை என்று ஒவ்வொருத்தியும் அடுக்குவாள். ராபியா கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். ஒண்ணும் சாப்பிடலீங்க. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

"பாத்தியா மங்களம்? நான் போட்ட போடுல எல்லாரும் நிறுத்திட்டாங்க."

வர்ஷா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

ராபியாவின் தங்கை ரூஹி அப்போது நிறைமாதம். இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அத்தா, அதாவது அப்பா, சீக்கிரமே இறந்துவிட்டதால் ரூஹியைப் படிக்கவைத்ததும், ஐயப்பன்தாங்கலில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் ஜமீருக்குக் கட்டிக்கொடுத்ததும் ராபியாதான். தலைப்பிரசவம் எங்கள் வார்டிலேயே ஆனது. பெண் குழந்தை. ராபியா அன்றைக்கு ஒருத்தரையும் திட்டவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வார்டெல்லாம் காட்டினாள்.

ரூஹி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கீழே அம்மா சபூரா, மாடியில் ராபியாவின் குடும்பம். வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், இனி என்ன கவலை என்றுதான் ஜமீர் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

முதல் வாரத்திலேயே சண்டை வந்தது. சபூராம்மா மகளுக்கென்று லேகியம் கிண்டியிருந்தார். கடையில் வாங்கியதல்ல. சரக்கு ஒவ்வொன்றையும் வறுத்து, இடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கைவலிக்கக் கிண்டியது. டியூட்டி முடிந்து வந்த ராபியா அதைப் பார்த்தாள். சட்டியோடு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள். மருமகன் உட்கார்ந்திருக்கிறான் என்றும் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரில ஊருக்கே சொல்றேன். என் ஊட்லயே இது நடக்குதா? உனக்கு அறிவு கீதா இல்லியா?"

சபூராம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். இதை ராபியாதான் மறுநாள் என்னிடம் சொன்னாள், ஏதோ சாதித்தவள் மாதிரி.

அதன் பிறகு அந்த வீட்டில் ராபியாவுக்குத் தெரியாமல் நடப்பது தனியாக ஓடியது, பிறகு சபூராம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா கஷாயம் கொடுப்பார், மகள் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிவைப்பாள். ரூஹிக்குக் காய்ச்சல் கண்டது. பால் கட்டினால் வருகிற காய்ச்சல்தான், தானாக இறங்கும் என்று சபூராம்மா நினைத்தார். தன் வயதுக்கு எத்தனையோ பேருக்கு அப்படி வந்து போனதைப் பார்த்தவர். நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். ராபியாவிடம் சொல்லலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். ரூஹிதான் வேண்டாமென்றாள். சொன்னால் கஷாயம் கொடுத்ததும் தெரிந்துவிடும், அக்கா மறுபடியும் அம்மாவைப் பிடித்து உலுக்குவாள். அம்மா தன் எதிரில் இன்னொரு தரம் அப்படிக் கூனிக் குறுகி நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

ராபியா ஒன்றும் கேட்காமல் இருக்கவில்லை. தினமும் வந்து கேட்டாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா ஈரத்துணியால் மகளின் முகம், கழுத்தெல்லாம் துடைத்துவிடுவார். நெற்றியைத் தொட்டால் கொஞ்சம் சுடும்.

"சாம்பிராணி போட்ட சூடுக்கா" என்பாள் ரூஹி.

பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போடுவதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அந்தப் புகையில் உதிரப்போக்கில் வந்த கெட்ட வாடையும் மறைந்துபோனது. ராபியாவின் மூக்கிலிருந்தே மறைந்துபோனது.

ஒரு மத்தியானம் ராபியா தலைவலி என்று பாதியில் வீட்டுக்குப் போனாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ரூஹி இரண்டு போர்வைக்குள் உதறிக்கொண்டிருந்தாள், அம்மா காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ராபியா போர்வையை விலக்கினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

எங்களிடம்தான் கொண்டுவந்தாள். நாங்கள் ஊசியைப் போட்டு, சலைன் ஏற்றி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கர்ப்பப்பையில் பிடித்த கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. ஆம்புலன்ஸில் ரூஹி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதக்கா."

அதற்குப் பிறகு அவளுக்குச் சரியாக நினைவு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

கஷாயத்தால் ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சல் வந்த அன்றே கூட்டி வந்திருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்கும் என்றார் டாக்டர். அவர் உண்மையைத்தான் சொன்னார். கொஞ்சம் தள்ளிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ராபியா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ராபியா வேலைக்குத் திரும்பினாள். ஊசி போட்டாள், பிரஷர் பார்த்தாள். வார்டு அமைதியாக இருந்தது, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை. வர்ஷா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் கேள்விங்களோட ஒண்ணு சேத்துக்கம்மா" என்றாள் ராபியா. "யாருக்குப் பயந்து சொல்லாம இருக்கீங்கன்னு கேளு."

ரூஹியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நானும் போயிருந்தேன். ஓதி முடித்து ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். ஜமீர் வாசலில் சுவரைப் பார்த்து நின்றான். சபூராம்மா மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. ராபியா பவுடர் பால் கலந்துகொண்டிருந்தாள்.

"ராபியா" என்றார் சபூராம்மா. "நீ என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

அவள் பாட்டிலைக் குலுக்கினாள்.

"ஏன் மறைச்சேன்னு கேளு. கொன்னுட்டியேன்னு கேளு. தெருவுல நிக்கவச்சித் திட்டு, நான் வாங்கிக்கறேன். இப்டிப் பேசாம கீறியே, என்னால தாங்க முடிலடி."

ராபியாவின் உதடு அசைந்தது. அவள் திட்டிவிட்டால் போதும் என்று நானே வேண்டிக்கொண்டேன். இரண்டு சொட்டுப் பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். குனிந்து அம்மாவின் கையில் பாட்டிலை வைத்தாள்.

"பசிக்குது பாரு அதுக்கு. குடும்மா."

சபூராம்மா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, திட்டுடி, திட்டுடி என்று அழுதுகொண்டேயிருந்தார்.